ஒரு மாதிரியின் சராசரியைக் குறித்த மதிப்போடு ஒப்பிடுவது எப்படி? டி-சோதனை, படிப்படியாக

ஒரு நிரப்பும் இயந்திரம் புட்டிக்கு 500 மி.லி. ஊற்ற வேண்டும். பத்துப் புட்டிகளை எடுத்து அளந்தால் சராசரி 498.7 மி.லி. வருகிறது. இந்த 1.3 மி.லி. குறைவு தற்செயலா, அல்லது இயந்திரமே குறைவாக ஊற்றுகிறதா? இப்படிப்பட்ட கேள்விக்கு உரியது ஒரு-மாதிரி டி-சோதனை. கணக்கு ஐந்தாறு வரிதான். கால்குலேட்டரில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இதில் இடறுபவர்கள் பெரும்பாலும் கணக்கில் இடறுவதில்லை. தரவைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியவற்றைப் பார்த்த பிறகு தீர்மானிப்பதால்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் கீழே முதல் நான்கு படிகளிலும் சோதனைக் கணக்கு வராது. அவசரத்தில் அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. இது உங்களுக்கு உரிய சோதனைதானா?

மூன்று நிபந்தனைகள். அளப்பது எண்ணாக இருக்க வேண்டும்: கன அளவு, எடை, நேரம், வெப்பநிலை போல. உங்களிடம் ஒரே ஒரு குழுவின் அளவீடுகள் இருக்க வேண்டும். ஒப்பிடும் மதிப்பு வெளியிலிருந்து வந்த, மாறாத எண்ணாக இருக்க வேண்டும்: விதிமுறையில் உள்ள அளவு, வடிவமைப்பில் குறித்த அளவு, கொள்கைப்படி வர வேண்டிய அளவு.

மூன்றாவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. "போன மாதச் சராசரி 500 இருந்தது, இந்த மாதம் குறைந்துவிட்டதா?" என்று கேட்டால், அந்த 500-உம் ஒரு மாதிரியிலிருந்து வந்த எண்தான், அதற்கும் தடுமாற்றம் உண்டு. அதை உறுதியான எண்ணாக எடுத்துக்கொண்டால் அந்தத் தடுமாற்றம் கணக்கில் வராமலே போய்விடும். கீழே வரும் எடுத்துக்காட்டில் பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ விலகல் வரும் வாய்ப்பு) 0.0155. அதே 500, இதே சிதறல் கொண்ட வேறு பத்துப் புட்டிகளின் சராசரி என்று வைத்து இரு-மாதிரி சோதனை செய்தால் பி-மதிப்பு 0.05-இன் விளிம்புக்கு வந்துவிடும். சான்று அந்த அளவுக்கு மெலிகிறது.

இன்னொரு வகை, "முன்-பின்" அளவீடுகள். ஒரே பொருளை மாற்றத்துக்கு முன்பும் பின்பும் அளந்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் வேறுபாட்டைக் கழித்து எடுங்கள். அந்த வேறுபாடுகளின் சராசரியை 0-உடன் ஒப்பிடுவது இதே ஒரு-மாதிரி சோதனைதான். இணைச் சோதனை என்ற பெயரில் மென்பொருள் செய்வதும் இதையே.

"ஆம்/இல்லை" விடைகளுக்கும் விழுக்காடுகளுக்கும் இது பொருந்தாது. அவற்றுக்கு விகிதச் சோதனை தனியாக இருக்கிறது.

2. கேள்வியை எண்ணால் எழுதி, தேதி போட்டு வையுங்கள்

ஒரு தாளில் நான்கு வரி போதும்.

இன்மைக் கருதுகோள்: இயந்திரம் ஊற்றும் உண்மையான சராசரி 500 மி.லி.
மாற்றுக் கருதுகோள்: உண்மையான சராசரி 500 மி.லி. அல்ல.
முக்கியத்துவ மட்டம், அதாவது ஆல்ஃபா (பி-மதிப்பு இதற்குக் கீழே வந்தால் இன்மைக் கருதுகோளை நிராகரிப்போம்): 0.05.
நமக்குப் பொருட்படுத்தத் தக்க வேறுபாடு: 1 மி.லி.

கருதுகோள் இரண்டும் முழுமைத்தொகுதியின், அதாவது இயந்திரம் நிரப்பும் எல்லாப் புட்டிகளின், சராசரியைப் பற்றியவை. மாதிரியின் சராசரியைப் பற்றியவை அல்ல. மாதிரியின் சராசரி 498.7 என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அதைச் சோதிக்க ஒன்றுமில்லை.

இருபக்கச் சோதனையா (கூடுதல், குறைவு இரண்டையும் தேடுவது), ஒருபக்கச் சோதனையா (ஒரு திசையை மட்டும் தேடுவது) என்பதை இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். ஒருபக்கச் சோதனையில், வேறுபாடு தேடிய திசையிலேயே இருந்தால், பி-மதிப்பு பாதியாகிவிடும். அதனால் 0.08 வந்தவுடன் "நாங்கள் குறைவைத்தானே தேடினோம்" என்று 0.04 ஆக்கிக்கொள்ளும் சபலம் வரும். அப்படிச் செய்தால் தவறான எச்சரிக்கை வரும் வாய்ப்பு நீங்கள் சொல்லும் 5 விழுக்காடு அல்ல, 10 விழுக்காடு. எதிர்த்திசையில் எவ்வளவு பெரிய வேறுபாடு வந்தாலும் அது உங்களுக்கு ஒரு பொருட்டே அல்ல என்று முன்கூட்டியே எழுதித்தர முடிந்தால் மட்டும் ஒருபக்கம் எடுங்கள். மற்ற எல்லா நேரத்திலும் இருபக்கம்.

நான்காவது வரியைப் பலர் எழுதுவதே இல்லை. அது இல்லாமல் அடுத்த படி நகராது.

3. எத்தனை அளவீடு? செலவு இங்கேதான் தீர்மானமாகிறது

80 விழுக்காடு கண்டுபிடிக்கும் திறன் (வேறுபாடு உண்மையிலேயே இருந்தால் சோதனை அதைப் பிடிக்கும் வாய்ப்பு), இருபக்கம், ஆல்ஃபா 0.05 என்றால் எளிய சூத்திரம் இது:

தேவையான எண்ணிக்கை = 7.85 × (திட்ட விலக்கம் ÷ பொருட்படுத்தும் வேறுபாடு)² + 2

விடையை மேல்நோக்கி முழு எண்ணாக்குங்கள். திட்ட விலக்கத்துக்கு (அளவீடுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) பழைய பதிவுகளைப் பாருங்கள்; அதுவும் இல்லையென்றால் சிறிய முன்னோட்டமாக ஏழெட்டு அளவீடு எடுத்துப் பாருங்கள். திட்ட விலக்கம் 1.4 மி.லி., வேறுபாடு 1 மி.லி. என்றால் 18 புட்டிகள் வேண்டும். அரை மி.லி. வேறுபாட்டையும் பிடிக்க வேண்டுமென்றால் 64. பாதி வேறுபாட்டைத் தேடினால் செலவு ஏறத்தாழ நான்கு மடங்கு. அளக்கும்போது பொருள் அழியும் சோதனைகளில் இந்தக் கணக்கு இன்னும் உறைக்கும்.

நம் எடுத்துக்காட்டில் பத்துப் புட்டிகள்தான். 1 மி.லி. குறைவு உண்மையிலேயே இருந்தாலும் பத்தை வைத்து அதைப் பிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிதான். கையால் கணக்குப் போட்டுக் காட்ட வசதி என்பதால் பத்து. உங்கள் வேலைக்கு இதை அளவுகோலாக வைக்காதீர்கள்.

எண்ணிக்கையை முடிவு செய்தபின் அதில் உறுதியாக நில்லுங்கள். ஐந்து அளந்ததும் ஒரு சோதனை, இன்னும் ஐந்து அளந்ததும் மறுபடி ஒரு சோதனை, 0.05-க்குக் கீழே வந்தவுடன் நிறுத்துவது என்று போனால், வேறுபாடு ஏதும் இல்லாதபோதும் "இருக்கிறது" என்று சொல்லும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். சம இடைவெளியில் ஐந்து முறை எட்டிப் பார்த்தாலே அது 5 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடு வரை போய்விடுகிறது.

4. மாதிரி எடுப்பதும் அளப்பதும்

ஒவ்வொரு அளவீடும் மற்றதைச் சாராமல் இருக்க வேண்டும். சோதனையின் மற்ற நிபந்தனைகள் கொஞ்சம் தளர்ந்தால் தாங்கிக்கொள்ளலாம். இது உடைந்தால் எந்த மென்பொருளும் எச்சரிக்காது, விடை மட்டும் தவறாக வரும்.

வழக்கமாக நடப்பவை மூன்று. ஒரே புட்டியைப் பத்து முறை அளந்துவிட்டுப் பத்து அளவீடு என்று எழுதுவது. அது ஒரு அளவீடு, பத்து அல்ல. அடுத்தடுத்து வந்த முப்பது புட்டிகளை வாரி எடுப்பது. பக்கத்துப் புட்டிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒவ்வொரு புட்டிக்கும் முந்தையதோடு ஒட்டுறவுக் கெழு (0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.5 என்ற அளவில் தொடர்பு இருந்து, தூரம் கூடக் கூட அது மங்கிப் போனால், அந்த முப்பதும் கிட்டத்தட்ட பத்து சாராத அளவீடுகளின் மதிப்புக்குத்தான் ஈடு. மூன்றாவது, சீரான இடைவெளியின் பொறி: இயந்திரத்தில் நான்கு நிரப்பும் முனைகள் இருந்து நீங்கள் நான்காவது புட்டியாகவே எடுத்துக்கொண்டிருந்தால், ஒரே முனையைத்தான் சோதிக்கிறீர்கள். நாள் முழுவதும் பரவலாக, சமவாய்ப்பு எண்களைக் கொண்டு நேரங்களைத் தேர்ந்தெடுங்கள்.

அளவுக் கருவியை முதலில் சரிபாருங்கள். கருவி 1 மி.லி. குறைத்துக் காட்டினால் அந்தப் பிழை அப்படியே சராசரியில் வந்து உட்கார்ந்துவிடும். ஆயிரம் புட்டி அளந்தாலும் போகாது. அளவீடு கூடக் கூட அந்தத் தவறான முடிவின் மேல் உறுதிதான் கூடும். கன அளவை எடை வழியாகக் காண்பதென்றால் காலிப் புட்டியின் எடையைக் கழித்து, அந்த வெப்பநிலையில் திரவத்தின் அடர்த்தியால் வகுக்க வேண்டும்.

பதிவுத்தாளில் இருக்க வேண்டியவை: தேதி, நேரம், வரிசை எண், அளந்தவர், கருவி, அலகு, வாசிப்பு, குறிப்பு. எடுத்த வரிசையிலேயே எழுதுங்கள். மூலப் பதிவின் நகல் ஒன்றைத் தொடாமல் தனியே வையுங்கள். திருத்தமெல்லாம் இன்னொரு நகலில் நடக்கட்டும்.

5. கணக்குக்கு முன் படம்

நம் பத்து அளவீடுகள் இவை, மி.லி.யில்:

498.2, 501.1, 497.5, 499.0, 496.8, 500.3, 498.9, 497.1, 499.6, 498.5

எண்கோடு வரைந்து புள்ளிகளாகக் குறியுங்கள். ஒரு பக்கம் நீண்ட வால் இருக்கிறதா, ஏதாவது தனித்து நிற்கிறதா என்று பார்த்தால் போதும். நடைமுறையில் பலர் பின்பற்றும் அளவுகோல்: 15-க்குக் குறைவான அளவீடுகள் என்றால் பரவல் இயல்நிலைக்கு (நடுவில் குவிந்து இருபுறமும் சமமாகக் குறையும் மணி வடிவத்துக்கு) நெருக்கமாக இருக்க வேண்டும். 15 முதல் 40 வரை என்றால் கடுமையான சரிவும் (ஒரு பக்க வாலும்) விலகிய புள்ளியும் இல்லாமல் இருந்தால் சரி. 40-ஐத் தாண்டினால் ஓரளவு சரிவையும் சோதனை தாங்கும்.

ஷாப்பிரோ-வில்க் போன்ற இயல்நிலைச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். பத்து அளவீட்டில் அதனால் பெரிதாக எதையும் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஆயிரம் அளவீட்டில் கவலைப்படத் தேவையில்லாத சிறு கோணலுக்கும் கூச்சலிடும்.

படம் போடுவதன் முதல் பயன், தட்டச்சுப் பிழையைப் பிடிப்பது. 501.1-ஐ 511.1 என்று அடித்துவிட்டால் பி-மதிப்பு 0.0155-இலிருந்து 0.82 ஆகிவிடும். சராசரி மேலே போனதால் அப்படி என்று தோன்றும். இதைப் பாருங்கள்: 496.8-ஐ 486.8 என்று அடித்தால் சராசரி 500-இலிருந்து இன்னும் விலகி 497.7 ஆகிறது, ஆனாலும் பி-மதிப்பு 0.10-க்கு ஏறுகிறது. விலகிய ஒரு புள்ளி சராசரியை இழுப்பதைவிட வேகமாகத் திட்ட விலக்கத்தை ஊதிவிடுவதே காரணம்.

விலகிய புள்ளி தட்டச்சுப் பிழை என்று மூலப் பதிவு காட்டினால் திருத்துங்கள். கருவி பழுதானதற்குக் குறிப்பு இருந்தால் நீக்கி, நீக்கியதை எழுதுங்கள். காரணம் ஒன்றும் கிடைக்கவில்லையா? அது உங்கள் தரவு, இருக்கட்டும். அதோடும் அது இல்லாமலும் இரண்டு விடைகளையும் காட்டுங்கள்.

பரவல் மோசமாகச் சரிந்திருந்தால் வில்காக்சன் குறித்தரச் சோதனைக்குப் பலர் தாவுகிறார்கள். அதுவும் பரவல் இருபுறமும் சமச்சீராக இருப்பதை எதிர்பார்க்கிறது. சமச்சீரே இல்லையென்றால் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை) சோதிக்கும் குறிச் சோதனை இருக்கிறது; அப்போது கேள்வி சராசரியைப் பற்றியதாக இராது என்பதை மறக்கக் கூடாது.

6. கையால் ஒருமுறை

ஒரே ஒருமுறையாவது கையால் செய்து பாருங்கள். பிறகு மென்பொருள் தரும் தாளில் எந்த எண் எங்கிருந்து வந்தது என்று திகைக்க வேண்டியிருக்காது.

அ. சராசரி: 4987.0 ÷ 10 = 498.70.

ஆ. ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் 498.70-ஐக் கழியுங்கள்: −0.5, 2.4, −1.2, 0.3, −1.9, 1.6, 0.2, −1.6, 0.9, −0.2. கூட்டினால் 0 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை.

இ. அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 17.16. இதை 9-ஆல் வகுத்தால் 1.9067. வர்க்கமூலம் 1.3808. இதுதான் திட்ட விலக்கம்.

ஈ. திட்டப் பிழை (மாதிரியின் சராசரி எவ்வளவு தடுமாறும் என்பதன் அளவு): 1.3808 ÷ √10 = 0.4367.

உ. டி = (498.70 − 500) ÷ 0.4367 = −2.977.

ஊ. கட்டின்மைக் கூறுகள் (எண்ணிக்கையில் ஒன்று குறைவு; அட்டவணையில் எந்த வரிசை என்று சொல்வது): 10 − 1 = 9.

டி அட்டவணையில் 9-ஆம் வரிசை, இருபக்கம் 0.05 என்ற இடத்தில் 2.262 இருக்கும். குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் 2.977 அதைவிடப் பெரியது. ஆகவே இன்மைக் கருதுகோளை நிராகரிக்கிறோம். அட்டவணையின் தலைப்பில் ஒருபக்கமா இருபக்கமா என்று கட்டாயம் பாருங்கள். ஒருபக்கப் பத்தியின் 0.05 மதிப்பு 1.833, அவசரத்தில் அதை எடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. "ஸ்டூடண்ட் டி" என்று தலைப்பு இருந்தாலும் அது இதே அட்டவணைதான்.

இ-யில் 9-ஆல் வகுக்காமல் 10-ஆல் வகுத்தால் டி −3.138 ஆகி, பி-மதிப்பு 0.012-க்கு இறங்கும். டி அட்டவணைக்குப் பதிலாக இயல்நிலை அட்டவணையைப் பார்த்தால் 0.003, உண்மை மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு. இடையில் திட்டப் பிழையை 0.4 என்று சுருக்கிக்கொண்டால் 0.010. மூன்றும் உங்கள் முடிவை உள்ளதைவிட வலுவாகக் காட்டும் பிழைகள், அதனால்தான் கண்ணில் படாமல் தப்பிவிடுகின்றன. கடைசி வரி வரை நான்கு தசம இடங்களையாவது வைத்திருங்கள்.

7. மென்பொருளில் செய்யும்போது

எக்செலில் ஒரு-மாதிரி சோதனைக்கென்று தனிச் சார்பு இல்லை. இரண்டு வழி உண்டு. முதல் வழி, மேலே செய்ததையே செய்வது: சராசரி, ஸ்டிடெவ்.எஸ் (திட்ட விலக்கம்), பிறகு டி.டிஸ்ட்.2டி (இருபக்கப் பி-மதிப்பு). ஸ்டிடெவ்.பி-யை எடுத்தால் 10-ஆல் வகுத்த பிழைதான் வரும். டி.டிஸ்ட்.2டி எதிர்க்குறி எண்ணை ஏற்காது, பிழைச்செய்தி காட்டும். குறியை நீக்கிவிட்டு 2.977 என்று கொடுங்கள். இரண்டாம் வழி, பக்கத்துப் பத்தியில் பத்து முறை 500 என்று நிரப்பி, டி.டெஸ்ட் சார்பில் இருபக்கத்துக்கு 2, வகைக்கு 1 கொடுப்பது. வகையில் 2 போட்டால் கட்டின்மைக் கூறு 18 என்று எடுத்துக்கொண்டு பி-மதிப்பைத் தவறாகத் தரும்.

ஆர் மொழியில் டி.டெஸ்ட் சார்புக்கு மியூ என்ற ஒப்பிடும் மதிப்பைக் கொடுக்க மறந்தால் அது 0-உடன் ஒப்பிட்டுவிடும். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளிலும் ஒப்பீட்டு மதிப்புக் கட்டத்தில் 0-தான் முன்கூட்டியே இருக்கும். டி மதிப்பு ஆயிரத்துக்கு மேல் போய்விட்டால் மகிழ்ந்துவிடாதீர்கள்; புட்டி காலியாக இல்லை என்பதைத்தான் நிரூபித்திருக்கிறீர்கள். எஸ்பிஎஸ்எஸ் தரும் நம்பிக்கை இடைவெளி (தரவோடு ஒத்துப்போகும் உண்மை மதிப்புகளின் எல்லை) வேறுபாட்டுக்கானது, −2.29 முதல் −0.31 வரை; ஆர் தருவது சராசரிக்கானது, 497.71 முதல் 499.69 வரை. இரண்டும் ஒன்றுதான், 500 கழிந்திருக்கிறது அவ்வளவே.

பைதானில் சைபையின் ஒரு-மாதிரி சார்பு சரியாகவே செய்யும். நம்பையின் திட்ட விலக்கச் சார்பை எடுத்து நீங்களே கணக்கிட்டால், அது இயல்பாக 10-ஆல்தான் வகுக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

8. விடையை வாசிப்பது

பி-மதிப்பு 0.0155. இதன் பொருள்: உண்மையான சராசரி 500-ஆகவே இருந்தால், இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ விலகிய மாதிரி கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1.6 விழுக்காடு. "இயந்திரம் சரியாக இருக்க வாய்ப்பு 1.6 விழுக்காடு" என்று இதை வாசிக்கக் கூடாது. அந்த வாய்ப்பைச் சொல்ல இந்தச் சோதனைக்கு வழியே இல்லை.

பி-மதிப்பைவிட நம்பிக்கை இடைவெளியையே முதலில் பாருங்கள் என்பேன். 498.70 ± 2.262 × 0.4367, அதாவது 497.71 முதல் 499.69 வரை. குறைவு 0.3 மி.லி.யாகவும் இருக்கலாம், 2.3 மி.லி.யாகவும் இருக்கலாம். நாம் பொருட்படுத்துவதாக எழுதிவைத்தது 1 மி.லி. ஆக, இயந்திரம் குறைவாக ஊற்றுகிறது என்று சொல்லலாம். அந்தக் குறைவு நம் எல்லையைத் தாண்டியது என்று இந்தப் பத்துப் புட்டிகளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. பி-மதிப்பு மட்டும் கையில் இருந்திருந்தால் இந்த இரண்டாவது செய்தி கிடைத்திருக்காது.

பெரிய மாதிரியில் இது தலைகீழாகும். பத்தாயிரம் புட்டிகள், திட்ட விலக்கம் 1.4, வேறுபாடு 0.05 மி.லி. என்றால் டி 3.57, பி-மதிப்பு 0.001-க்கும் கீழே. அந்த 0.05 மி.லி.யால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை.

பி-மதிப்பு 0.05-க்கு மேல் வந்தால், "வேறுபாடு இல்லை என்று நிரூபணமானது" என்று எழுதாதீர்கள். வேறுபாடு இருப்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சமம் என்றே காட்ட வேண்டியிருந்தால் முன்கூட்டியே ஓர் எல்லையை வகுத்து, 90 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்குகிறதா என்று பார்க்கும் சமானச் சோதனை செய்ய வேண்டும். அதற்கு அளவீடுகளும் கூடுதலாக வேண்டும்.

இருபது இயந்திரங்களைத் தனித்தனியாகச் சோதிக்கிறீர்களா? எல்லாமே சரியாக இருந்தாலும், ஒன்றாவது 0.05-க்குக் கீழே வரும் வாய்ப்பு 64 விழுக்காடு. எளிய மருந்து, 0.05-ஐ 20-ஆல் வகுத்து 0.0025-ஐ வரம்பாக வைப்பது.

9. அறிக்கையில் எழுதுவது

தேவையானவை: மாதிரி அளவு, சராசரி, திட்ட விலக்கம், ஒப்பிட்ட மதிப்பு, டி, கட்டின்மைக் கூறு, பி-மதிப்பு, நம்பிக்கை இடைவெளி, இருபக்கமா ஒருபக்கமா, நீக்கிய அளவீடுகள். ஒரு பத்தியில் அடங்கும்:

"நாள் முழுவதும் சமவாய்ப்பு நேரங்களில் எடுத்த 10 புட்டிகளின் சராசரி 498.70 மி.லி. (திட்ட விலக்கம் 1.38). குறித்த அளவான 500 மி.லி.யோடு இருபக்க ஒரு-மாதிரி டி-சோதனையில் ஒப்பிட்டதில் டி = −2.98, கட்டின்மைக் கூறு 9, பி-மதிப்பு 0.016. சராசரிக்கான 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 497.71 முதல் 499.69 மி.லி. அளவீடு எதுவும் நீக்கப்படவில்லை."

பி-மதிப்பை 0.016 என்று எண்ணாகவே எழுதுங்கள், "0.05-க்குக் கீழ்" என்று மட்டும் எழுதினால் 0.049-க்கும் 0.001-க்கும் வேறுபாடு தெரியாது. மென்பொருள் 0.000 என்று காட்டினால் "0.001-க்கும் குறைவு" என்று எழுத வேண்டும், பி-மதிப்பு ஒருபோதும் பூச்சியம் ஆகாது. "±1.38" என்று போட்டால் அது திட்ட விலக்கமா திட்டப் பிழையா என்று வாசகர் திண்டாடுவார், ஆகவே பெயரோடு எழுதுங்கள். இரண்டாம் படியில் தேதி போட்ட அந்தத் தாளையும் மூலப் பதிவையும் அறிக்கையோடு சேர்த்து இணையுங்கள்.